பேராசிரியருக்கு ஒரு விருது: வடசென்னை வாசகர் கேள்வி – பதில்

அரசறிவியல் விருதுகளைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி என்று வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டு. ஒன்றையொன்று ஒட்டிய கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

எங்கள் கல்லூரியில் 32 ஆண்டுகள் அரசறிவியல் நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு வாழ்நாள் சாதனை விருது வாங்கித் தர நினைக்கிறோம். எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

முகவரியைத் தேடும் முன், ஐயா எதற்காக விருது பெற வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். "32 ஆண்டுகள் நடத்தினார்" என்பது சம்பளச் சான்றிதழிலும் இருக்கும். அது பணிக்காலம். சாதனை வேறு.

இத்துறையில் வாழ்நாள் விருதுகள் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்: ஆய்வுக்கு, கற்பித்தலுக்கு, துறையைக் கட்டி வளர்த்ததற்கு, படிப்பைப் பொதுவாழ்வுக்குப் பயன்படுத்தியதற்கு. 1903-ல் தொடங்கிய அமெரிக்க அரசறிவியல் சங்கம் இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆய்வுக்கு ஜேம்ஸ் மேடிசன் விருது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் தருவார்கள். 1978-ல் முதலில் வாங்கியவர் ராபர்ட் டால். துறைக்கு உழைத்தவர்களுக்கு ஃபிராங்க் குட்நவ் பெயரில் ஒன்று, பொது நிர்வாகப் படிப்புக்கு ஜான் காஸ் பெயரில் ஒன்று. அதற்கும் கீழே கட்சிகள், தேர்தல், அரசியல் தொடர்பியல் என்று உட்பிரிவுகள் தாங்களே தங்கள் மூத்தவர்களைக் கௌரவிக்கின்றன. ஒரு வகைக்குரியவரை இன்னொரு வகைக்குப் பரிந்துரைத்தால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

நம் நாட்டில் வழிகள் குறைவு. பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத்தானே கூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். அரசின் விருது இணையதளத்தில்தான் பதிய வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் "இலக்கியம், கல்வி" என்ற பிரிவில் வருவார்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களில் மருத்துவர், விஞ்ஞானி தவிர மற்றவர்களுக்குத் தகுதி இல்லை. உங்கள் ஐயா ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தத் தடை இல்லை. தேதியில் மட்டும் ஏமாறாதீர்கள். 2025 விருதுகளுக்கு 2024 செப்டம்பர் 15 வரை பரிந்துரை வாங்கினார்கள். 2026 விருதுகளுக்கோ 2025 மார்ச் 15-லேயே திறந்து, செப்டம்பருக்கு முன்பே மூடியும்விட்டார்கள். "போன வருஷம் செப்டம்பர்தானே" என்று இருந்தவர்கள் கோட்டை விட்டிருப்பார்கள்.

வளர்ச்சி, வறுமை, உள்ளாட்சி பற்றி எழுதியவர் என்றால் சென்னையிலேயே மால்கம் ஆதிசேஷையா பெயரிலான விருது இருக்கிறது. அடையாறில் 1971-ல் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தை நிறுவியவர் அவர். 2008-ல் அந்த விருதைப் பெற்றவர் தேர்தல் ஆய்வாளர் யோகேந்திர யாதவ். பொருளாதாரக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இந்த இரண்டிலும் பொருந்தவில்லையா? உங்கள் கல்லூரியிலேயே ஒரு விருதை நிறுவி, முதல் விருதை அவர் கையில் கொடுங்கள். அந்தக் கணக்கைக் கடைசிக் கேள்வியில் போட்டிருக்கிறோம்.

பரிந்துரைக் கடிதத்தை எப்படி எழுதுவது? எழுதிப் பார்த்தோம், கல்யாணப் பத்திரிகை வாழ்த்து மாதிரி வருகிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

இதை ஒத்துக்கொண்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முக்கால்வாசிக் கடிதங்கள் அப்படித்தான் வருகின்றன, எழுதியவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

"ஐயா அவர்கள் சிறந்த கல்வியாளர், எளிமையின் உருவம், மாணவர்களின் மனம் கவர்ந்தவர்" என்ற வாக்கியத்தில் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். தேர்வுக்குழுவில் இருப்பவர் இப்படி முப்பது கடிதம் படிப்பார். அவருக்கு வேண்டியது ஒரே பதில்: இவர் இல்லாவிட்டால் இந்தத் துறையில் எது நமக்குத் தெரியாமல் போயிருக்கும்?

உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பேராசிரியரை வைத்து எழுதிப் பார்ப்போம். "1996 உள்ளாட்சித் தேர்தலில் இடஒதுக்கீட்டில் வந்த பெண் கவுன்சிலர்களை மூன்று வார்டுகளில் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார். 'கணவர்தான் நடத்துகிறார்' என்று ஒரே வரியில் முடிந்துகொண்டிருந்த பேச்சை, டெண்டர் விஷயத்தில் கணவர், குடிநீர் லாரி விஷயத்தில் கவுன்சிலரே என்று பிரித்துக் காட்டினார். இதற்குப் பின் வந்த ஆய்வுகள் இந்தப் பிரிவினையை எடுத்துக்கொண்டன." மூன்று வாக்கியத்தில் என்ன செய்தார், முன்பு என்ன இருந்தது, பிறகு என்ன மாறியது எல்லாம் வந்துவிட்டது. பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும்: பாராட்டு என்பது ரெட் காயின். ஃபாலோ விழுந்தால்தான் கணக்கு.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் எந்த விருது, யார், எதற்காக என்று மூன்றே வரி. அடுத்து அவருடைய ஆகச் சிறந்த ஒரு பங்களிப்பு. பக்கத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது பங்களிப்புகள் சுருக்கமாக. அதற்குப் பிறகுதான் உருவாக்கிய மாணவர்கள், நடத்திய இதழ், தலைமை தாங்கிய சங்கம் எல்லாம். துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், என்.எஸ்.எஸ். பொறுப்பாளர் என்ற பதவிப் பட்டியலை முதல் பக்கத்தில் வைத்தால் கடிதம் அங்கேயே செத்துவிடும். பத்ம பரிந்துரையில் இன்னும் இறுக்கம்: விவரக் குறிப்புக்கு 800 வார்த்தை மட்டுமே.

பெரிய விருதுகள் கூடவே மூன்று முதல் ஐந்து ஆதரவுக் கடிதங்கள் கேட்கும். பரிந்துரைகள் பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஐந்தும் அவருடைய பழைய மாணவர்களே எழுதியது என்றால் குழு அதை ஒரே கடிதமாகத்தான் எண்ணும். குறைந்தது இரண்டு பேர் அவரோடு சேர்ந்து வேலை செய்யாதவர்களாக, வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இன்னொரு விபத்து: உதவியாக இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்புவீர்கள்; ஐந்து பேரும் அதையே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். ஒரே சொற்றொடர் மூன்று கடிதத்தில் வந்தால் எந்தக் குழுவும் கண்டுபிடித்துவிடும். மாதிரிக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் முதல் புத்தகத்தைப் பற்றி, ஒருவர் களஆய்வு முறையைப் பற்றி, ஒருவர் மாணவர்களைப் பற்றி. கூடவே ஐயாவின் சுயவிவரமும் அவர் எழுதியதில் சிறந்த இரண்டு கட்டுரையும் போகட்டும்.

கால அளவு? கடைசித் தேதிக்கு நாலு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். முதல் மாதம் அவர் எழுதியதெல்லாம் சேகரிக்க. இரண்டாம் மாதம் கடிதம் எழுதப்போகிறவர்களைக் கேட்டு ஒப்புதல் வாங்க. அவர்களிடம் உண்மையான தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக ஒரு தேதியைச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அல்லவா, அந்தத் தேதியையும் தாண்டித்தான் தருவார்கள்.

தேர்வுக்குழுவில் இருப்பவரிடம் ஆதரவுக் கடிதம் கேட்காதீர்கள். குழுவில் ஐயாவோடு சேர்ந்து நூல் எழுதியவர் யாராவது இருந்தால் பரிந்துரையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால் சந்தேகம் ஐயா மேல்தான் விழும். முதல் வருஷம் கிடைக்கவில்லை என்றால், பரிந்துரை அடுத்த சுற்றுக்கும் உயிரோடு இருக்குமா என்று கேளுங்கள். சில அமைப்புகள் இரண்டு மூன்று ஆண்டு வைத்திருக்கும். மற்றவற்றில் புதிதாகப் போட வேண்டும். இரண்டாம் முறை போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஐயா எழுதியதெல்லாம் தமிழில். கூகுள் ஸ்காலரில் தேடினால் இரண்டு கட்டுரைதான் வருகிறது. இவருக்கு எச்-இண்டெக்ஸ் எப்படிக் காட்டுவது?
– வாசகர், பெரம்பூர்

எச்-இண்டெக்ஸ் 10 என்றால், குறைந்தது 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 10 இருக்கின்றன என்று பொருள். தமிழில் அச்சான புத்தகத்தை அந்தக் கணக்கு பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஆகவே அந்த எண்ணை எழுதாமல் விடுவதே நல்லது. கட்டாயம் கேட்டால் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே "நூல்கள் தமிழில், இந்த எண்ணிக்கையில் அவை சேரவில்லை" என்று ஒரு வரி.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். நம் பெயர்முறையில் முன்னெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். சில இதழ்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். மூன்று வடிவத்திலும் தேடி, அவர் பெயரில் ஒரு ஸ்காலர் பக்கம் திறந்து எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு கட்டுரை ஒன்பதாகலாம்.

தமிழ் நூல்களுக்கு வேறு சாட்சி தேடுங்கள். எத்தனை பதிப்பு, எந்தெந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது, எந்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் மேற்கோள் வந்திருக்கிறது. பிரதி கையில் இல்லாவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நாலு நூலகங்களில் அது ஒன்று. அட்டையையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் படியெடுத்துக் கொள்ளுங்கள். குழு வெளியூரில் இருந்தால் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து வரி ஆங்கிலச் சுருக்கம் போட வேண்டும். தலைப்பை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பினால் பள்ளிக்கூட கைடு என்று நினைத்துவிடுவார்கள்.

அரசறிவியலுக்கு நோபல் ஏன் இல்லை?
– மாணவர், வியாசர்பாடி

நோபல் எழுதிவைத்த ஐந்து துறைகளில் அது இல்லை. பொருளாதாரத்துக்குக்கூட ஸ்வீடனின் மத்திய வங்கி 1968-ல் தனியாக நிறுவியதுதான். ஆனால் அரசறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டு பேர் அந்தப் பொருளாதாரப் பரிசை வாங்கியிருக்கிறார்கள்: 1978-ல் ஹெர்பர்ட் சைமன், 2009-ல் எலினோர் ஆஸ்ட்ராம்.

நம் துறையின் "நோபல்" என்று எல்லோரும் சொல்வது யோஹான் ஷுட்டே பரிசு. ஸ்வீடன் அரசரின் ஆசிரியராக இருந்த ஷுட்டே, 1622-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலைக்கும் ஆட்சிக்கலைக்கும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார். பேச்சையும் ஆட்சியையும் சேர்த்தது நமக்கு ஆச்சரியமாக இருக்காது. மேடைப் பேச்சிலேயே ஆட்சி பிடித்த ஊர் நம்முடையது. அந்த அறக்கட்டளைதான் 1995 முதல் பரிசு தருகிறது. தொகை 5 லட்சம் ஸ்வீடன் குரோனர். நம் பணத்தில் 40 லட்ச ரூபாயைத் தாண்டும். முதல் பரிசு இங்கேயும் ராபர்ட் டாலுக்குத்தான். ஒரு நகரத்தை ஒரே கும்பல் ஆள்கிறதா என்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் போய்ப் பார்த்து, நகரச் சீரமைப்பில் ஒரு கூட்டம், பள்ளிக்கூட விஷயத்தில் வேறு கூட்டம், கட்சி வேட்பாளர் தேர்வில் இன்னொரு கூட்டம் என்று காட்டியவர். 1997-ல் ஆரெண்ட் லைபார்ட், 2003-ல் ஹன்னா பிட்கின், 2017-ல் நம் அமர்த்தியா சென்.

தமிழ்நாட்டைப் படித்ததற்கும் பலன் கிடைத்திருக்கிறது. அமெரிக்க அரசறிவியலாளர்களான லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் தம்பதி 1950-களில் மதராஸ் மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தி, அந்த அனுபவத்தை 1958-ல் கட்டுரையாக்கினார்கள். 1960-ல் சாதிச் சங்கங்களின் அரசியல் பங்கைப் பற்றி எழுதியபோது வன்னியர் சங்கத்தை முக்கிய உதாரணமாக எடுத்தார்கள். சாதி பழமையின் மிச்சம் மட்டுமல்ல, ஓட்டு அரசியலுக்குள் நுழையும் வாசலாகவும் வேலை செய்கிறது என்ற அவர்கள் வாதத்தை விட்டுவிட்டு இன்றும் யாரும் எழுத முடியாது. இருவருக்கும் 2014-ல் பத்மபூஷண் கிடைத்தது.

நான் காசிமேட்டுப் பெண். அப்பா லாஞ்சில் போகிறவர். கல்லூரியில் ஆஸ்ட்ராம் பெயரைச் சொன்னார்கள், மீன்பிடித் தொழிலைப் பற்றி எழுதி விருது வாங்கினார் என்று. மீன் பிடிப்பதில் அரசறிவியல் எங்கே வருகிறது?
– மாணவி, காசிமேடு

உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வருகிறது, தங்கச்சி.

கடலும் ஏரியும் யாருக்கும் சொந்தமில்லை. ஆளாளுக்குப் பிடித்தால் மீன் தீரும். அப்படியானால் ஒன்று அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும், இல்லையேல் தனியாருக்கு விற்க வேண்டும் என்றுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினார்கள். ஆஸ்ட்ராம் கேட்டது: அந்த மக்கள் தாங்களே விதி போட்டு நடத்திக்கொள்ள மாட்டார்களா? துருக்கியில் அலான்யா என்ற மீன்பிடி ஊரை ஒரு சான்றாக எடுத்தார். அங்கே செப்டம்பரில் தகுதியுள்ள மீனவர்களின் பட்டியல் போடுவார்கள். வலை போடும் இடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு வலை இன்னொரு வலையின் மீனை மறிக்காத அளவுக்கு இடைவெளி. சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்குவார்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை தினமும் ஒவ்வொருவரும் கிழக்கே ஒரு இடம் நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மே வரை மேற்கே. மீன் வருகிற திசை மாறுவதால் இந்த ஏற்பாடு. நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வந்துவிடும். தன் முறை வந்த நாளில் இன்னொருவன் அங்கே நின்றால் விடுவானா? தனியாகக் காவல்காரன் தேவையில்லை.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இங்கிருந்து வடக்கே பழவேற்காடு ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை போட "பாடு" முறை இருக்கிறது. தலைக்கட்டு என்று கணக்கு, சீட்டுக் குலுக்கல், சுழற்சி. எந்த ஊருக்குப் பாடு உண்டு, எதற்கு இல்லை என்பதில் சாதியும் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது அரசறிவியல். யாரை உள்ளே விடுவது, யார் விதி போடுவது, மீறியவனுக்கு என்ன தண்டனை: சட்டமன்றத்தில் நடப்பதும் இதே மூன்று கேள்விதான்.

இப்படி உலகம் முழுக்கச் சேர்த்த சான்றுகளிலிருந்து, நீடித்து நிற்கும் ஏற்பாடுகளில் காணப்படும் எட்டுப் பொது அம்சங்களை அவர் 1990-ல் வெளியிட்டார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விதியை மாற்றுவதில் விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கும் பேச்சுரிமை வேண்டும். முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரிது என்று போகும் அவை. 1999-ல் ஷுட்டே பரிசு, 2005-ல் மேடிசன் விருது, 2009-ல் நோபல். இத்தனைக்கும், கணக்குப் பாடம் போதவில்லை என்று பொருளாதார முனைவர் படிப்பில் இடம் கிடைக்காமல் அரசறிவியலுக்கு வந்தவர். அவருடைய முனைவர் ஆய்வு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றியது. கடல் உப்பு உள்ளே ஏறுவதைத் தடுக்க ஊர்கள் எப்படிச் சேர்ந்தன என்பது. மீஞ்சூர்ப் பக்கம் கிணறு உப்பாகிப்போன கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பொருளின் கனம் புரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அப்பா கரையில்தானே இருப்பார்? நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். லாஞ்சில் பங்கு எப்படிப் பிரிகிறது, டீசல் செலவு யார் தலையில், தகராறு வந்தால் முதலில் யாரிடம் போகிறார்கள். எழுதிவைத்ததைப் பிறகு துறையில் காட்டுங்கள்.

"தங்கள் அரசறிவியல் பணியைப் பாராட்டி சர்வதேச வாழ்நாள் சாதனையாளர் விருது" என்று எனக்கு மெயில் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 14,500 ரூபாய். டெல்லி ஓட்டலில் விழா. உண்மையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

பணத்தைக் கட்டாதீர்கள். விருது கொடுப்பவன்தான் பணம் தருவான். வாங்குபவனிடம் கேட்டால் அது வியாபாரம்.

சந்தேகம் தீர வேண்டுமானால், கடந்த ஐந்து ஆண்டில் யார் யாருக்குக் கொடுத்தார்கள், எந்தப் பணிக்காக, தேர்வுக்குழுவில் யார் என்று மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். பதிலாக வங்கிக் கணக்கு எண் மறுபடி வரும். உண்மையான துறை விருதில் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். இவர்கள் ஒரே மாலையில் அறுபது பேருக்கு மாட்டுவார்கள். சில கும்பல் "கௌரவ டாக்டர் பட்டம்" என்றும் வருகிறது. பட்டம் தரும் அதிகாரம் சட்டப்படி அதைப் பெற்ற பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் தளத்தில் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஒரு விருதை சுயவிவரத்தில் சேர்த்தால், விவரம் தெரிந்தவர்கள் நீங்கள் நிஜமாகச் செய்ததையும் சந்தேகப்படுவார்கள்.

பத்மஸ்ரீ வாங்கியவரை விழா அழைப்பிதழில் "பத்மஸ்ரீ" என்று பெயருக்கு முன்னால் போடலாமா?
– வாசகர், ராயபுரம்

கூடாது. அரசியல் சாசனத்தின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. பத்ம விருதுகள் பட்டமா என்ற வழக்கில், பாலாஜி ராகவன் வழக்கு என்பார்கள், 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவை பட்டமல்ல, செல்லும் என்றது. ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டக்கூடாது என்றும் சொன்னது. பெயருக்குக் கீழே தனி வரியில் "பத்மஸ்ரீ விருது பெற்றவர், ஆண்டு இன்னது" என்று தகவலாகப் போடுங்கள். அரசறிவியல் துறை நடத்தும் விழாவிலேயே இந்தத் தப்பு நடப்பதுதான் வேடிக்கை.

பழைய மாணவர்கள் சேர்ந்து 3 லட்சம் திரட்ட முடியும். கல்லூரியில் ஐயா பெயரில் ஒரு விருது நிறுவ இது போதுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

போதும், கையை அடக்கினால். 3 லட்சத்தை 6.5 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 19,500 ரூபாய். பரிசுத்தொகை 10,000, கேடயம் 1,200, பொன்னாடை 300, அழைப்பிதழ் பேனருக்கு 2,500, எண்பது பேருக்கு டீ வடை 20 ரூபாய் வீதம் 1,600. ஆக 15,600. மிச்சம் 3,900-ஐ அசலோடு சேர்த்துவிட வேண்டும். இதை முதல் வருஷத்திலிருந்தே செய்யாவிட்டால், பத்து வருஷத்தில் அந்தப் பத்தாயிரத்துக்கு மதிப்பே இருக்காது. 1980-களில் 5,000 ரூபாய் போட்டு நிறுவிய பரிசுகள் இன்று ஒரு பேனா வாங்கக் காணாமல் நிற்பதைப் பல கல்லூரிகளில் பார்க்கலாம்.

பணத்தைவிட ஒப்பந்தக் கடிதம் முக்கியம். எந்தச் சாதனைக்கு விருது, யாருக்குத் தகுதி என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தேர்வுக்குழு மூன்று பேர். ஒருவர் கட்டாயம் வெளிக்கல்லூரி. நன்கொடை கொடுத்தவர்கள் குழுவில் உட்காரக் கூடாது. தகுந்தவர் இல்லாத ஆண்டில் விருது கிடையாது, வட்டி அசலில் சேரும் என்ற வரியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்தாக வேண்டிய கட்டாயம் வந்து, ஐந்தாம் வருஷம் கல்லூரிக்கு வந்துபோகும் விருந்தினருக்கெல்லாம் போய்ச் சேரும். துறையை மூடினால் பணம் எங்கே போகும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

வைப்புத்தொகை தனி ஆள் பெயரில் வேண்டாம். "முதல்வர்" என்ற பதவிப் பெயரில் இருக்கட்டும். முதல்வர் மாறும்போது வங்கியில் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் மாற்றாமல் விட்டு, ரசீது பீரோவில் கிடந்து, முதிர்வு தேதி தாண்டி வட்டி நின்றுபோவதுதான் இந்த அறக்கட்டளைகளின் வழக்கமான சாவு. தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக்கொடுத்து, ரசீதின் நகல் ஒன்றைப் பழைய மாணவர் சங்கத்திடமும் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும், யாராவது ஒருவர் போய் இருப்பைக் கேட்டுவர வேண்டும்.

அழைப்பிதழ் ஆண்டர்சன் தெருவில் மலிவு. ஆனால் கேடயத்தில் பொறிக்கப்போகும் வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரில் போய்ப் புரூஃப் பாருங்கள். ஐயாவின் முன்னெழுத்து, விருதின் ஆண்டு, "அரசறிவியல்" என்பதில் வல்லின றகரம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.